ஒரே பெட்டிக்குள் ஐந்து வேலை: கஸ்டம்ஸில் எந்தக் கோடு எண்?

காரைக்குடி செக்காலை ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, சீனாவிலிருந்து மூணு அயிட்டம் நேரடியா இறக்கலாம்னு இருக்கேன். ஒண்ணு புளூடூத் ஸ்பீக்கர். அதிலேயே எஃப்.எம்., டார்ச், போனுக்குச் சார்ஜ் ஏத்துற பவர் பேங்க், மேல சின்னதா ஒரு சோலார் தகடு. ரெண்டாவது ஸ்மார்ட் வாட்ச். மூணாவது ஆண்ட்ராய்டு உள்ள மினி புரொஜெக்டர். சப்ளையர் மூணுக்கும் 8471-னு போட்டுத் தர்றேன், டியூட்டியே கிடையாதுங்கிறார். தூத்துக்குடி புரோக்கர் ஸ்பீக்கருக்கு 8518-ங்கிறார். அவர் ஆபீஸிலேயே இன்னொருத்தர் 8527-ங்கிறார். யார் சொல்றது சரி? இல்ல, சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துவிடச் சொல்லட்டுமா?"

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 8471 கணினிக்கான எண்; அது மூன்றில் எதற்கும் பொருந்தாது. ஸ்பீக்கருக்கு 8518, வாட்ச்சுக்கு 8517 62, புரொஜெக்டருக்கு 8528. உங்கள் புரோக்கர் சொன்னதுதான் சரி. ஆனால் ரேடியோவுக்கான 8527-ஐச் சொன்ன அந்த இன்னொருவரும் விவரம் தெரிந்தவர்தான். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிந்துவிட்டால் உங்களுக்கு முக்கால்வாசி விஷயம் பிடிபட்டுவிடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு எல்லாப் பொருட்களுக்கும் ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. 1988 முதல் நடைமுறையில் இருப்பது. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் நாம் 2 சேர்த்து 8 ஆக்கிக்கொள்கிறோம். நம்மூரில் அது 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவார்கள். கடைசிப் பெரிய திருத்தம் 2022-இல் வந்தது. சப்ளையர் அவருடைய நாட்டில் ஏற்றுமதிக்குப் போடும் எண் நம் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. 2011 முதல் நம்மிடம் சுயமதிப்பீட்டு முறை. பில் ஆஃப் என்ட்ரியில் (சரக்கை இறக்கும்போது கஸ்டம்ஸில் கொடுக்கும் அறிவிப்பு) போடும் எண்ணுக்குப் பொறுப்பு உங்களுடையது. பின்னால் கேள்வி வந்தால் "சப்ளையர் போட்டுக் கொடுத்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

பட்டியலை எப்படிப் படிப்பது என்பதற்கு ஆறு பொது விதிகள் உண்டு. பல வேலை செய்யும் கருவி என்றதும் நம் ஆட்கள் நேராக மூன்றாவது விதிக்குத் தாவிவிடுவார்கள். "அடிப்படைத் தன்மை எதில் இருக்கிறதோ அதுதான் கோடு" என்ற வாசகம் அங்கேதான் இருக்கிறது. காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் விதிகளை வரிசையாகத்தான் எடுக்க வேண்டும். முதல் விதி என்ன சொல்கிறது என்றால், நான்கு இலக்கத் தலைப்பின் வாசகத்தையும், பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் எழுதியிருக்கும் குறிப்புகளையும் வைத்து முடிவு செய். அதில் முடிந்துவிட்டால் அதற்கு மேல் போகாதே. 84, 85 அத்தியாயங்கள் சேர்ந்த 16-ஆம் பிரிவில் மூன்றாவது குறிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று இயந்திரங்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்ததாக இருந்தாலும், ஒரே இயந்திரம் பல வேலை செய்வதாக இருந்தாலும், அதன் முதன்மையான வேலை எதுவோ அந்த வேலையை மட்டும் செய்யும் இயந்திரமாக அதைக் கருத வேண்டும் என்கிறது. பிரிவுக் குறிப்பு என்பதால் இது முதல் விதிக்குள்ளேயே வந்துவிடுகிறது. எலக்ட்ரானிக்ஸில் பல வழக்குகள் இந்த ஒரு குறிப்பில்தான் நின்றிருக்கின்றன.

சில தலைப்புகளில் இந்தக் குறிப்புக்குக்கூட வேலை இல்லை. தலைப்பின் வாசகமே இரண்டு வேலையைச் சேர்த்து எழுதியிருக்கும். 8527-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: வானொலி ஒலிபரப்பை வாங்கும் கருவி, ஒரே கூட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவியோ, ஒலியை இசைக்கும் கருவியோ, கடிகாரமோ சேர்ந்திருந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குப் பெட்டிக்குள் வால்வு ரேடியோவும் இசைத்தட்டுத் தட்டும் ஒன்றாக இருக்கும் ரேடியோகிராம் பார்த்திருப்பீர்கள். அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ஒரு பெட்டிக்குள் இரண்டு வேலை என்பது ஸ்மார்ட்போன் காலத்தில் வந்த பிரச்சினை இல்லை.

8527 என்று சொன்னவர் பிடித்துக்கொண்டது இந்த வாசகத்தைத்தான். உங்கள் சாமானில் எஃப்.எம். இருக்கிறது; பாட்டும் பாடுகிறது; ஆக, ரேடியோவோடு சேர்ந்த ஒலிக்கருவி. சட்டப்படி யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். கேள்வி என்னவென்றால், இது பாட்டுப் பாடும் வசதியுள்ள ரேடியோவா, எஃப்.எம். வசதியுள்ள ஸ்பீக்கரா? யூ.எஸ்.பி., எஃப்.எம். எல்லாம் வைத்து வந்த மல்டிமீடியா ஸ்பீக்கர்கள் பற்றி இதே சண்டை தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. முதன்மை வேலை ஒலிபெருக்குவதுதான், மற்றதெல்லாம் கூடுதல் வசதி என்று 8518 பக்கம் முடிவானது. உங்களுக்கு அந்தப் பாதை திறந்திருக்கிறது. ஆனால் உங்கள் மாடலில் முதன்மை வேலை ஒலிபெருக்குவதுதான் என்பதை நீங்கள் காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? சாம்பிள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி சாமானில் முன்பக்கம் முழுக்கச் சல்லடை. அதற்குப் பின்னால் ஸ்பீக்கர். பக்கவாட்டில் ஒரே ஒரு எல்.இ.டி. மேலே உள்ளங்கை அளவு சோலார் தகடு. பின்னால் ரப்பர் மூடியைத் தூக்கினால் யூ.எஸ்.பி. துளை. 'எம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்க அமுக்க புளூடூத், மெமரி கார்டு, எஃப்.எம். என்று மாறிக்கொண்டே வரும். ஆன் செய்ததும் தானாக எதில் வந்து நிற்கிறது? புளூடூத்திலா, எஃப்.எம்.மிலா? ஸ்டேஷன் நம்பர் காட்டும் திரை இருக்கிறதா? வெளியே இழுக்கும் ஆன்டெனா இருக்கிறதா, அல்லது சார்ஜர் ஒயரையே ஆன்டெனாவாகப் பயன்படுத்தச் சொல்கிறார்களா? அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 'வயர்லெஸ் ஸ்பீக்கர்' என்று போட்டிருக்கிறதா, 'எமர்ஜென்சி ரேடியோ' என்றா? பேட்டரி எத்தனை எம்.ஏ.ஹெச்.? 1,200 மட்டும் இருந்தால் அதைப் பவர் பேங்க் என்று யாரும் வாதாட முடியாது. இன்றைய போனில் பாதிகூட ஏறாது. 10,000 இருந்தால் கதை வேறு. பேட்டரிக்கான 8507 உள்ளே நுழையப் பார்க்கும். இதையெல்லாம்தான் விவரம் தெரிந்த அதிகாரி பார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பாகங்களின் விலைப்பட்டியலைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். இதற்கு நல்ல முன்னுதாரணம் ஜெராக்ஸ் இந்தியா வழக்கு. அச்சடிப்பது, நகலெடுப்பது, ஸ்கேன் எல்லாம் செய்யும் மெஷின்களைக் கணினியோடு சேரும் அச்சுப்பொறியாக 8471 60-இல் வைப்பதா, வேறு தலைப்பிலா என்பது கேள்வி. 2010-இல் உச்ச நீதிமன்றம், பாகங்களிலும் விலையிலும் பெரும்பங்கு அச்சடிக்கும் வேலைக்கே போகிறது, எனவே முதன்மை வேலை அச்சடிப்பதுதான் என்று முடிவு சொன்னது. (2007-இல் உலகப் பட்டியலையே திருத்தி இந்த மெஷின்களுக்கு 8443 31 என்று தனி இடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் எண்ணை அந்தத் தீர்ப்பிலிருந்து எடுக்காதீர்கள். வாதம் செய்யும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

முதன்மை வேலை எது என்று எப்படிப் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை என்றால்? அப்போதுதான் மூன்றாவது விதியின் கடைசிப் பகுதி. சமமாகத் தகுதியுள்ள தலைப்புகளில் எண் வரிசையில் எது கடைசியோ அதை எடு. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சட்டம் அதுதான். உங்கள் சாமானுக்குப் பாருங்கள்: பவர் பேங்க் 8507, டார்ச் 8513, ஸ்பீக்கர் 8518, ரேடியோ 8527. வரிசையில் கடைசி 8527. அதாவது நீங்கள் ஆதாரம் எதுவும் கொண்டுபோகாமல் "எல்லாமே முக்கியம்தான் சார்" என்று நின்றால், புரோக்கர் ஆபீஸில் அந்த இன்னொருவர் சொன்ன இடத்தில்தான் போய் விழுவீர்கள். சோலார் தகடு 8541 ஆயிற்றே, அது இன்னும் பின்னால் வருகிறதே என்று கேட்கலாம். தகடு பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது, அவ்வளவுதான். சமத் தகுதி என்ற வரிசையிலேயே அது நிற்காது.

8518 என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. ஒரே கூட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் 8518 21. ஒன்றுக்கு மேல் இருந்தால் 8518 22. இங்கே ஒரு சின்னக் கண்கட்டு உண்டு. விலை குறைந்த மாடல்களில் ஒரு பக்கம் நிஜ ஸ்பீக்கரும் மறுபக்கம் பாஸ் ஒலியைக் கூட்டுவதற்கு ஒரு ரப்பர் சவ்வும் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டு ஸ்பீக்கர் மாதிரிதான் தெரியும். சவ்வுக்குக் காந்தமும் கிடையாது, ஒயரும் கிடையாது; அது ஸ்பீக்கர் கணக்கில் வராது. திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

சரி, வாட்ச்சுக்கு வருவோம். இங்கே மேலே சொன்ன மூன்றாவது குறிப்பு கைகொடுக்காது. ஏனென்றால் கடிகாரங்கள் 91-ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அது வேறு பிரிவு. 16-ஆம் பிரிவுக்குள் இருக்கும் இயந்திரங்களுக்குள் சண்டை வந்தால்தான் அந்தக் குறிப்பு நடுவராக வரும். பிரிவு தாண்டிய சண்டைக்கு மூன்றாவது விதியின் 'அடிப்படைத் தன்மை' வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிறோம், மணி காட்டுகிறது, எனவே 9102 என்று முதலில் தோன்றும். ஆனால் போனோடு புளூடூத்தில் பேசி அழைப்பையும் செய்தியையும் வாங்கிக் காட்டுவதற்காகத்தான் மனிதர்கள் இதை வாங்குகிறார்கள். உலக சுங்க அமைப்பின் குழு இத்தகைய வாட்ச்சுகளை 8517 62-இல் வைத்தது. தரவை வாங்கி, மாற்றி, அனுப்பும் கருவிகளின் இடம் அது. நம் அரசின் அறிவிக்கைகளும் ஸ்மார்ட் வாட்ச்சை அங்கேதான் வைத்துப் பேசுகின்றன. உங்கள் பட்டியலில் சிம் போடும் மாடலோ, முள்ளோடு ஓடும் சாதாரணக் கடிகாரத்தில் அடி எண்ணும் வசதி மட்டும் சேர்த்த மாடலோ இருந்தால் மற்றவற்றோடு கலக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புரொஜெக்டர் விஷயம் இன்னும் எளிது. சப்ளையரின் வாதம் எனக்குத் தெரியும்: உள்ளே பிராசஸர் இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஓடுகிறது, ஆக இது கணினி. இன்றைக்கு ரைஸ் குக்கரில்கூடப் பிராசஸர் இருக்கிறது. 84-ஆம் அத்தியாயக் குறிப்பு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: உள்ளே கணினி இருந்தாலும், கணினியோடு சேர்ந்து இயங்கினாலும், தரவைக் கையாளுவது தவிர வேறு ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கருவி அந்த வேலைக்குரிய தலைப்புக்குப் போக வேண்டும். மானிட்டரும் புரொஜெக்டரும் தனியாக வந்தால் 8471-இல் சேராது என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். ஆகவே 8528. கணினியோடு நேரடியாக இணையக்கூடியதாகவும் அதற்காக வடிவமைத்ததாகவும் இருந்தால் 8528 62; இல்லையென்றால் 8528 69. இதற்குள் டி.வி. ட்யூனர் வைத்துவிட்டால் அது தொலைக்காட்சிக் கருவி வரிசைக்கு மாறிவிடும். ஒரு சின்னச் சில்லு மொத்தத்தையும் நகர்த்திவிடும். எனவே ட்யூனர் இல்லை என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லோருக்கும் 8471 மேல் ஏன் இவ்வளவு ஆசை? 1996-இல் சிங்கப்பூரில் கையெழுத்தான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம்தான் காரணம். இந்தியா 1997-இல் சேர்ந்தது. கணினி, அதன் பாகங்கள், பல தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு அடிப்படைச் சுங்க வரியைப் பூஜ்யமாக்குவோம் என்பது வாக்குறுதி. 2015-இல் பட்டியலை விரித்தபோது இந்தியா சேரவில்லை. அந்த முதல் பட்டியல் போட்ட காலத்தில் இன்றைய பொருட்களில் பாதி இல்லை. அதனால் புதுப்பொருள் ஒன்று வந்தால், 'பழைய வாக்குறுதிக்குள் வருகிறதா இல்லையா' என்று நாடுகளுக்குள்ளேயே சண்டை. இணைய வசதியுள்ள செட்-டாப் பாக்ஸ், தட்டைத் திரை, பல்வேலை அச்சு மெஷின் மூன்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் வரி போட்டது. அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2010-இல் ஜெயித்தன. பிறகு நம் முறை: மொபைல் போனுக்கும் வேறு சிலவற்றுக்கும் நாம் போட்ட வரியை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் போன வழக்கில் 2023 ஏப்ரலில் முடிவு நமக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்புதான் 2019 கடைசியிலிருந்து செயல்படவில்லை. மொபைல் வரி அப்படியே தொடர்ந்தது. 2018-இல் 20% ஆனது 2024 ஜூலையில் 15% ஆகக் குறைந்தது.

இன்னொரு வேடிக்கை. 8471-இன் கீழ் வரும் லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன், மிகச் சிறிய கணினிகள், சர்வர்கள் இறக்குமதியை 2023 ஆகஸ்டில் அரசு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அனுமதி வாங்கும் முறை ஒன்று வந்தது. ஆக வரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு புரொஜெக்டரை 8471 என்று போட்டால், 'அப்படியானால் அனுமதி எங்கே' என்ற அடுத்த கேள்வியை நீங்களே வாசலுக்கு அழைத்துவந்த மாதிரி.

எண் சரியாக இருந்தாலும் வரிவிலக்கில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. டிஜிட்டல் ஸ்டில் கேமராவில் வீடியோ ஓட்டினால் பல பழைய மாடல்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். கல்யாண போட்டோகிராபர்களைக் கேட்டால் திருப்பூட்டும் நேரத்தில் நின்ற கதையை வண்டி வண்டியாகச் சொல்வார்கள். சூடாகிவிடும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையான பெரிய காரணம் கஸ்டம்ஸ். குறைந்தது 800-க்கு 600 புள்ளித் தெளிவில், நொடிக்கு 23 படத்துக்குக் குறையாமல், ஒரே தொடர்ச்சியாக 30 நிமிடம் பதிவு செய்ய முடிந்தால் அது ஸ்டில் கேமரா இல்லை, வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கணக்கு. வீடியோ கேமராவுக்கு அங்கே அப்போது தனி வரி இருந்தது. அந்த ஒரு நொடியைக் குறைத்துக் கேமராவைத் தயாரித்தார்கள். நம் நாட்டிலும் ஸ்டில் கேமராவுக்கு இருந்த வரிவிலக்கில் 2012-இல் இதே அளவுகோல் ஒரு விளக்கமாகச் சேர்ந்தது. உடனே பிரச்சினை: இந்தக் கேமரா அந்த அளவைத் தாண்டுகிறதா இல்லையா? வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பெரிய கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கேனன் இந்தியா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்த நோட்டீஸ் கொடுக்க அந்த இயக்கக அதிகாரிக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. நாடு முழுக்க எத்தனையோ நோட்டீஸ்கள் ஆட்டம் கண்டன. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் மறுஆய்வில் அதை மாற்றி, அதிகாரம் உண்டு என்றது. ஒரு கேமராவில் எத்தனை நிமிடம் வீடியோ எடுக்கலாம் என்று ஆரம்பித்த வழக்கு எங்கே போய் நின்றது பாருங்கள். உங்களுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: எண்ணைப் பார்த்ததும் நிறுத்தாமல், அந்த எண்ணுக்கான விலக்கு அறிவிக்கையையும் அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விளக்கத்தையும் படிக்க வேண்டும்.

பணக்கணக்குக்கு வருவோம். அடிப்படைச் சுங்க வரி 15% என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். (உண்மை விகிதத்தைச் சரக்கு ஏற்றும் அன்றைக்குப் பாருங்கள், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்.) சரக்கின் மதிப்பு 100 ரூபாய். சுங்க வரி 15. அதன் மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி, ஒன்றரை ரூபாய். ஆக 116.50. இதன் மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.), 20.97. மொத்தம் கட்டுவது 37.47. பூஜ்யம் என்று போட்டிருந்தால் 18 மட்டும். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே உங்கள் கையை உண்மையில் கடிப்பது 16.50 மட்டுமே. 10 லட்சம் சரக்குக்கு 1,65,000. இதை மிச்சப்படுத்தத்தான் சப்ளையர் உங்களைத் தூண்டுகிறார். அதற்காக ஏற்கும் ஆபத்தில் அவருக்குப் பங்கில்லை. தவறான எண் என்று பின்னால் தெரிந்தால் சாதாரணமாக இரண்டு ஆண்டுக்குள், மறைத்தீர்கள் என்று குற்றம் சாட்டினால் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கி நோட்டீஸ் வரலாம். ஆண்டுக்கு 15% வட்டி. மறைத்தது நிரூபணமானால் வரிக்குச் சமமான அபராதம். நீங்கள் விற்று முடித்த சரக்குக்கு வாடிக்கையாளரிடம் போய் மீதி கேட்க முடியாது.

இதில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தலைப்பில் வரும் என்று நம்பி அதைக் கோருவது மட்டுமே பொய் அறிவிப்பு ஆகாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. துறை வேறு தலைப்பைச் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் துறையுடையதுதான். ஆனால் இந்தக் கவசம் வேலை செய்ய ஒரு நிபந்தனை: விவரணையில் எதையும் விழுங்கக் கூடாது. 'ஸ்பீக்கர்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். புளூடூத் ஸ்பீக்கர், எஃப்.எம்., எல்.இ.டி. டார்ச், யூ.எஸ்.பி. சார்ஜ் வசதி, சோலார் தகடு, மாடல் எண், பேட்டரி அளவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு 8518 என்று போட்டவரும், 'ஆடியோ ஆக்சஸரி' என்று மொட்டையாக எழுதி அதே 8518 போட்டவரும் நோட்டீஸ் வரும் நாளில் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள்.

விக்கிப்பீடியாவை அச்செடுத்து ஆதாரமாகக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, அதை விட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் ஹெச்.பி. நிறுவன வழக்கு. மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் மேசைக் கணினி 10 கிலோவுக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக அது கையில் தூக்கிப்போகும் கணினி ஆகிவிடுமா என்ற கேள்வி. ஆகாது, எடை மட்டும் அளவுகோல் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். கூடவே, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தும் விக்கிப்பீடியா போன்ற தளங்களைச் சட்டச் சண்டையில் நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தது. தயாரிப்பாளரின் கையேடு, சர்க்யூட் படம், பாகப் பட்டியல், இவைதான் நிற்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் அடுத்து இதைத்தான் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் என்று ஒரு டப்பாவுக்குள் பேனா, பவர் பேங்க், சாவி வளையம் போட்டு இறக்குகிறார்கள். சில்லறை விற்பனைக்கான 'செட்' என்று ஒரே எண்ணில் போட வேண்டுமானால், டப்பாவில் உள்ளவை ஏதாவது ஒரே தேவைக்கோ ஒரே வேலைக்கோ சேர்ந்து பயன்பட வேண்டும். பேனாவுக்கும் பவர் பேங்குக்கும் அப்படி என்ன உறவு? அதனால் தனித்தனி எண், தனித்தனி மதிப்பு. கேமராவோடு அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த உறை வந்தால் மட்டும், அது கேமராவோடு சேர்ந்தே போகும்.

எண்ணை மாற்றினால் மற்ற அனுமதிகளிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர், ஸ்மார்ட் வாட்ச் மூன்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் கட்டாயப் பதிவுப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. புளூடூத், வைஃபை இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் உபகரண ஒப்புதலும் வேண்டும். இது இல்லாமல் வந்த சரக்கு துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கோடு சரியாக இருந்து என்ன பயன்?

மச்சான் யோசனை வேண்டாம். திருச்சி ஏர்போர்ட்டில் பயணி கொண்டுவரும் சாமான் 9803 என்ற தனித் தலைப்பில் போகும்; 8518-ஆ 8527-ஆ என்ற ஆராய்ச்சியே அங்கே இல்லை. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். ஒரே மாடல் இருபது பெட்டி இருந்தால் அது வியாபாரச் சரக்கு என்று எக்ஸ்ரே பார்ப்பவருக்கே தெரியும். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மச்சான். பிறகு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நிரந்தரமாக இந்தத் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டிய தீர்ப்பு வாங்குவது நல்லது. 2021 முதல் மும்பையிலும் டெல்லியிலும் இதற்கென்று சுங்க ஆணையம் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் கட்டணம் கட்டி, சரக்கு வருவதற்கு முன்பே 'இது எந்தத் தலைப்பு' என்று கேட்கலாம். அது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் சட்டம் மாறினால் அதோடு முடிந்தது. உங்களையும் உங்கள் விஷயத்தில் சுங்க அதிகாரிகளையும் மட்டும் அது கட்டுப்படுத்தும். பக்கத்துக் கடைக்காரருக்கு வந்த தீர்ப்பை நீங்கள் காட்ட முடியாது. ஒரு பெட்டி இறக்கிப் பார்க்கிறவருக்கு இது அதிகம்; ஆண்டு முழுக்க ஒரே மாடலை இறக்குகிறவருக்கு இந்தப் பத்தாயிரம் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதல் தடவை ஸ்பீக்கரை மட்டும் இறக்குவேன். சப்ளையரிடம் இன்வாய்ஸில் 8471-ஐ எடுத்துவிட்டு 8518 போடச் சொல்லுங்கள். இன்வாய்ஸில் ஒன்றும் பில் ஆஃப் என்ட்ரியில் ஒன்றும் இருந்தால் தேவையில்லாமல் கேள்வி வரும். பாகங்களின் விலைப்பட்டியலும் கையேடும் கப்பல் கிளம்பும் முன் உங்கள் புரோக்கர் கையில் இருக்கட்டும். வாட்ச்சில் சிம் மாடலையும் முள் மாடலையும் பிரித்து இரண்டாவது தடவைக்கு வையுங்கள். புரொஜெக்டரை, ட்யூனர் இல்லை என்ற கடிதம் வந்த பிறகு பார்க்கலாம்.